சாப்பிடக் கூப்பிடும் விசில்

கோசா, ஒகினாவா
நவம்பர் 9

அன்புத் தம்பி மொரியோவுக்கு, அக்கா கசுமி எழுதுவது.

சீசன் முடியும்வரை உங்கள் கோச் எல்லோரையும் முகாமிலேயே அடைத்துப் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டால் எனக்கென்ன, தபால்காரர் இருக்கிறார்.

நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நேற்றும் தோற்றுவிட்டீர்கள். என் நூடுல்ஸ் கடையில் டிவியை அணைக்கச் சொல்கிறார்கள். கறிக்கடைத் தொகாஷிகி இருக்கிறாரே, "உன் தம்பிக்கு முப்பத்தாறு ஆச்சு. இனிமே உன் கடையில பாகற்காய் நறுக்கச் சொல்லு" என்கிறார். அன்று அவர் கிண்ணத்தில் ஒரு கறித்துண்டைக் குறைத்துவிட்டேன்.

"இந்த வருஷத்தோட சரி, அக்கா. ஒரே ஒரு தடவை கோப்பையைக் கோசாவுக்குக் கொண்டுவந்துட்டு விட்டுடறேன்" என்று நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. நம் ஊர்க் கூடைப்பந்து அணியை விட்டு வேறு எங்கும் போகாதவன் நீ. கொண்டுவராமல் விடமாட்டாய். ஜனவரியில் நகோயா மேட்ச்சுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். தொண்டை கிழியக் கத்த ஓர் ஆள் வேண்டாமா?

முழங்காலுக்கு ஐஸ் வை.

உன் அக்கா,
கசுமி

நகோயா
ஜனவரி 18

அக்காவுக்கு,

ஆறப்போட்டு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

ஒரு புள்ளி முன்னிலை. கடைசி நொடிகள். பந்து என் கையில். தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தியிருந்தால் போதும், ஜெயித்திருப்போம். அப்போதுதானா நீ விரலை வாயில் வைக்க வேண்டும்? நீளமாக ஒன்று, வெட்டென்று ஒன்று. சின்ன வயதில் கடற்கரையில் விளையாடும்போது, "சாப்பாடு ரெடி, வா" என்று அடிப்பாயே, அதே விசில்! என் கால் தானாக நின்றுவிட்டது. தலை உன் பக்கம் திரும்பிவிட்டது. அந்த நகோயாப் பையன் பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டுவிட்டான்.

"ஏன்டா நின்னே?" என்று கோச் கேட்டார்.

"அக்கா சாப்பிடக் கூப்பிட்டாங்க, சார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாடு முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். சீசன் முடியும்வரை அரங்கத்துப் பக்கம் வராதே.

மொரியோ

கோசா
மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

வரச்சொல்லி நீயும் எழுதவில்லை, நானும் வரவில்லை. ஆனால் அடேயப்பா, என்ன ஆட்டம்டா ஆடுகிறீர்கள்! பிப்ரவரியில் ஒரு தோல்விகூட இல்லையே! பிளேஆஃப் உறுதி என்றதும் கடையில் தொகாஷிகி கைகளை உயர்த்திக் கச்சாஷி ஆடியதில் என் மிளகாய் எண்ணெய் ஜாடி போய்விட்டது.

அதில் ஒரு கூத்து. நான் வராததால்தான் ஜெயிக்கிறீர்களாம். ஊரே சொல்கிறது. உள்ளூர் மேட்ச் என்றால் கடை வாசலிலேயே மறிக்கிறார்கள். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வீட்டுலயே இருங்க." காய்கறிக்காரியும் கும்பிடுகிறாள்! டிவி முன்னால்கூட வாயில் துண்டைத் திணித்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நீ ஓடுவதை நேரில் பார்க்க எனக்கு இந்த ஒரு வருஷம்தான் மிச்சம். நான் வராமலிருந்தால்தான் கோப்பை வருமென்றால், சரி, வராமலே இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா

யோகோஹாமா
மே 27

என் அக்காவுக்கு,

ஃபைனல் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்பதைப் பார்த்திருப்பாய். எதிரில் அதே நகோயாக்காரர்கள். ஞாயிறு மேட்ச்தான் முடிவு.

இதோடு டிக்கெட் வைத்திருக்கிறேன். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பிப்ரவரி முழுக்க ஜெயித்தேன். ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் உன்னைத் தேடினேன். உப்பில்லாமல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. அம்மா வேலைக்குப் போன வீட்டில் என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டவள் நீ. உன்னைப் போய் வராதே என்றேனே.

கடைசி பஸர் அடிக்கும்வரை வாயைத் திறக்காதே. அடித்ததும் அந்த விசிலை அடி. நீ கூப்பிடாமல் எந்த ஆட்டத்தை விட்டு நான் வந்திருக்கிறேன்? இதை விட்டும் நீதான் என்னைக் கூப்பிட வேண்டும்.

உன் தம்பி,
மொரியோ

கோசா
ஜூன் 3

என் தங்கத் தம்பிக்கு,

விருது, பேட்டி என்று உன்னை டோக்கியோவில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு உன்னோடு நாலு வார்த்தை பேச விட்டார்களா, பாவிகள்!

மேலே எங்கள் வரிசையில் நடந்தது உனக்குத் தெரியாது. மறுபடி ஒரு புள்ளி முன்னிலை, மறுபடி பந்து உன் கையில். நம் ஊர்க்கூட்டம் மொத்தமும் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது! தொகாஷிகி என் வலது கையைப் பிடித்துக்கொண்டார், அவர் மனைவி இடது கையை. "மூச்சுகூட விடாதே, கசுமி!" அந்த நகோயாப் பையன் உன்மேல் பாய்ந்தான். நீ இப்படிக் குனிந்து அப்படிப் போனாய். காற்றைத்தான் பிடித்தான்!

பஸர் அடித்தது. ஜெயித்தோம்டா!

கையை விட்டார்கள். விரலை வாயில் வைத்தேன். வரவில்லை. அழுகையில் உதடு கூடவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. சுற்றிலும் ஊரே விசிலடிக்கிறது, என் விசில் மட்டும் இல்லை. நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். ஐயோ, பிள்ளை காத்திருக்கிறானே என்று தவித்தேன்.

அப்போது நீ விரலை வாயில் வைத்தாயே! சின்ன வயதில் எத்தனை சொல்லிக் கொடுத்தும் விசில் வராதவன். பாதி எச்சில், பாதி சத்தம். ஆனாலும் நீளமாக ஒன்று, வெட்டென்று ஒன்று. இத்தனை வருஷத்தில் என்னை யாருமே அப்படிக் கூப்பிட்டதில்லை, மொரியோ. படியில் எப்படி இறங்கினேன் என்றே தெரியவில்லை.

கோப்பைக்குக் கடையில் இடம் ஒழித்துவிட்டேன். தொகாஷிகி பாகற்காய்க் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறார், உனக்காகவாம். வியாழக்கிழமை விமானத்தை விட்டு இறங்கியதும் காதைத் தீட்டிக்கொள். வாசலில் நின்று, இந்தத் தடவை பிசகாமல் அடிக்கிறேன்.

சாப்பாடு ரெடி. வா.

அக்கா