இரவல் பெஞ்சு

மார்ச் 3, செவ்வாய்

இன்று பள்ளிக்கூடத்தில் கூடியவர்கள்: பெரிய டீச்சர், கணக்கு வாத்தியார், காவல்காரர், வாடகைச் சாமான் கடைக்காரர், என் மருமகள், பேத்தி, நான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். எங்கள் பள்ளி, மேட்டுத் தெருப் பள்ளி இரண்டில் ஒன்றுக்குத்தான் அறிவியல் கூடம் கட்ட அரசுப் பணம். கூடம் கிடைக்கிற பள்ளியில்தான் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு. பேத்திக்கு அது வேண்டும். மாட்டு டாக்டர் ஆகப்போகிறாளாம்.

மேட்டுத் தெருவில் படிப்பது என் ஓரகத்தியின் பேத்தி. போன வருஷம் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எங்களுக்குத் துடைப்பம் வந்தது.

பிள்ளைகள் தரையில் உட்கார்வதை அதிகாரி பார்த்தால் மானம் போய்விடும் என்றார் பெரிய டீச்சர். "வீட்டுக்கு ஆள் வந்தா கிழிஞ்ச பாயையா விரிப்போம்?" என்றேன் நானும். கடைக்காரர் பெஞ்சு தருகிறேன் என்றார். அவர் பிள்ளையும் இங்கேதான்.

மார்ச் 5

பெஞ்சுகள் வந்தன. துடைத்துத் துடைத்துத் தோள்பட்டை கழன்றது. பள்ளி கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பார்த்தால் ஓரகத்திக்கு வயிறு எரியும். எரியட்டும்.

மார்ச் 6

காலையிலிருந்து மழை. அதிகாரி பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "அட, நல்லா வச்சிருக்கீங்களே, ஒரு குறையும் தெரியலயே!" பெரிய டீச்சருக்கு முகமெல்லாம் பல். எனக்குந்தான்.

மார்ச் 7

ஓரகத்தி வந்தாள். அவர்கள் பள்ளியில் அதிகாரியை ஒழுகுகிற வகுப்பில் உட்கார வைத்தார்களாம். வாளியைக்கூட எடுக்கவில்லையாம்.

"வெக்கமா இல்ல?"

"புண்ண மூடி வச்சா வைத்தியர் எப்படிக்கா பாப்பாரு?"

பெரிய ஞானி! என் மூக்குத்தியை நாலு பேர் நடுவில் "கவரிங்காக்கா?" என்று கேட்டவள்தானே. முப்பது வருஷம் ஆனாலும் எனக்கு மறக்குமா?

மார்ச் 24

மேட்டுத் தெருவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இரண்டும் ஒரே அரசாங்கம் பெற்ற பிள்ளைகள்தானே? ஒன்றுக்கு வாரிக் கொடுத்து இன்னொன்றை வாய் பார்க்க விடுவார்களா? பெஞ்சு அதிகாரி போன அன்றைக்கே கடைக்குத் திரும்பிவிட்டது. பிள்ளைகள் மறுபடியும் தரையில்.

"நம்மகிட்ட இல்லன்னு சொல்லியிருக்கலாமே பாட்டி."

போடி என்று கத்திவிட்டேன். அவள் சாப்பிடவில்லை. நானும்.

மே 19

மேட்டுத் தெருவில் இந்த வருஷமே அறிவியல் பிரிவு. ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். ஓரகத்தி வந்து நடுவீட்டில் உட்கார்ந்து, "எங்க வீட்லயே இருந்து படிக்கட்டும்க்கா, ரெண்டு பேத்தியும் ஒண்ணாப் போகட்டும்" என்கிறாள். மருமகள் தலையாட்டிவிட்டாள். என்னை யார் கேட்டார்கள்?

மே 20

பேத்தியின் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

பேத்தி வந்தாள். வாயைத் திறந்தால் "எங்க ஸ்கூல்ல" தான். தவளையின் இதயம் எப்படி இருக்கும் என்று கையை மூடித் திறந்து காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சடையை அவிழ்த்துப் பின்னிவிடட்டுமா என்றேன். "வேணாம் பாட்டி, சின்னப் பாட்டி பின்னினது. நல்லாத்தானே இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது.

பெரிய டீச்சரை மன்னித்துவிட்டேன், பாவம். இரவல் பெஞ்சைப் பார்த்து ஏமாந்த அதிகாரியையும் போகட்டும் என்று விட்டேன். என் பிள்ளைக்குச் சோறு போட்டு, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்புகிறாளே என் ஓரகத்தி, அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.