எனக்கென்று வைத்திருந்த பழைய உலகம்

ஆசைச் சங்கீதாவுக்கு,

ஆசை என்றுதான் எழுத வந்தது. எழுதியது இருக்கட்டும், அடித்து அழிக்கவில்லை. ஆனால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவளிடம் சண்டை போடாதே என்கிறாள் அம்மா. உயிரோடு இருந்தபோது சண்டை போட நீ எனக்கு ஒரு காரணமும் தரவில்லையே, நான் என்ன செய்ய?

ஊர்ச் செய்தி சொல்கிறேன். கோமுகி அணையில் இந்த வருஷம் நல்ல தண்ணீர். உன் அப்பா மேட்டுக்கொல்லையில் கரும்பை எடுத்துவிட்டு மரவள்ளி போட்டிருக்கிறார். உன் அம்மா இன்னும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. தியாகதுருகத்தில் உன் வீட்டுக்காரர் உன் போனை ரீசெட் செய்து அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் மேல் தப்பில்லை, அதற்குள் என்ன இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆக, நம் உலகம் இப்போது என் பழைய போனில் மட்டும்தான் இருக்கிறது.

இனி வருவது உனக்குத் தெரிந்த கதை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

வடக்கனந்தல் பள்ளிக்கூடத்தில் நானும் நீயும் ஒரே பெஞ்சு. என் அம்மா உங்கள் கொல்லைக்குக் களை எடுக்க வருவாள். லீவு நாளில் அவளோடு நானும் வருவேன், உன்னோடு போனில் விளையாட. எல்லாமே பெட்டி பெட்டியாக இருக்கிற விளையாட்டு அது. மண், மரம், மலை எதையும் பெட்டியாக வெட்டி எடுக்கலாம், எடுத்ததை அடுக்கி எதையும் கட்டலாம். ஜெயிப்பது தோற்பது என்று ஒன்றும் கிடையாது. நாம் அதற்குப் பெட்டி கேம் என்று பெயர் வைத்திருந்தோம்.

நீ உங்கள் பின்னறையில் கட்டில்மேல் உட்காருவாய். நான் வெளியே மாட்டுக்கொட்டாயில் தண்ணித்தொட்டி ஓரம் உட்காருவேன். உன் ஹாட்ஸ்பாட் சுவரைத் தாண்டி என் போனுக்கு வரும். என்னை உள்ளே வராதே என்று உங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை, ஏனென்றால் போனுக்குள் நாம் இருவரும் ஒன்றாக நின்றுகொண்டிருந்தோம்.

மேற்கே நம் கல்வராயன் மலை மாதிரியே மலை தெரிகிற உலகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். முதல் வேலையாக உனக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. நான் கொஞ்சம் தள்ளித்தான் கல் வைக்க ஆரம்பித்தேன். ஜன்னல் வழியாகக் கத்தினாய்.

"அங்க இன்னாத்துக்குடி போற? ரெண்டு செவுரு தண்டம். ஒண்ணு போதும், ஒட்டிக் கட்டு."

ஒட்டிக் கட்டினேன். ஒரே சுவர், இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான். என் வீட்டுக்குச் சிவப்பு ஓடு போட்டேன். எங்கள் தெருவில் அப்போது ஓடு போட்ட வீடே இரண்டொன்றுதான்.

இந்த விளையாட்டில் ஒரு சங்கடம் உண்டு. அடிக்கடி புது வெர்ஷன் வரும். இரண்டு போனிலும் ஒரே வெர்ஷன் இருந்தால்தான் ஒரே உலகத்துக்குள் போக முடியும். பழைய உலகத்தைப் புது வெர்ஷனில் ஒரு தடவை திறந்துவிட்டால், திரும்பப் பழசில் திறக்காது. என் போன் என் அண்ணன் வைத்திருந்து கழித்துக் கொடுத்தது, புது வெர்ஷனைத் தாங்காது. உன் போன் எதையும் தாங்கும். நீ என்ன செய்தாய் நினைவிருக்கிறதா? என் கண் முன்னால் ஆட்டோ அப்டேட்டை அணைத்தாய். "உன் போனு எதுல ஓடுதோ அதுலதான் நானும்" என்றாய். புது மரம், புது மிருகம் என்று ஊர் உலகமெல்லாம் பேசிக்கொண்டிருக்க, நாம் இரண்டு பேரும் பழசிலேயே இருந்தோம். எனக்காக ஒருத்தி பின்தங்கி நிற்கிறாள் என்று எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அவள் காதைப் புளிக்க வைத்தேன்.

உனக்குக் கல்யாணமாகி நீ தியாகதுருகம் போன பிறகு ஹாட்ஸ்பாட் எட்டவில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தோம். உலகத்தையே ஒரு ஃபைலாகச் சுருட்டி நான் உனக்கு அனுப்புவேன், நீ கட்டிவிட்டு எனக்கு அனுப்புவாய். ஒரு தடவை இரண்டு பேரும் அவரவர் போனில் ஒரே நேரத்தில் கட்டிவிட்டோம். இரண்டையும் சேர்க்க முடியாமல் நான் ஆற்றுக்கு மேலே கட்டிய பாலம் போயே போனது. நீ சிரித்தாய், நான் அழுதேன். அதற்கப்புறம்தான் சட்டம் போட்டோம், உலகம் யாரிடம் இருக்கிறதோ அவள்தான் கல் வைக்கணும், மற்றவள் தொடக் கூடாது. எது புதுசு, எது பழசு என்று குழம்பாமல் இருக்க ஃபைலுக்குப் பெயர் வைத்தோம். கடைசி. நெஜமா கடைசி. இதான்டி கடைசி. இப்போது அந்தப் பெயர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

பொங்கலுக்குப் புது போன் வாங்கினேன் இல்லையா? முதலில் உன்னிடம்தான் சொன்னேன். இனி நாமும் புது வெர்ஷனுக்குப் போகலாம்டீ என்று குதித்தேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாய், "வாணாம்டி. ஏதாவது ஆயி வூடெல்லாம் ஒடஞ்சிட்டா? பழசுலயே இருந்துக்கலாம், அதான் நம்ம உலகம்." நான் உருகிப்போய்விட்டேன். அன்றிலிருந்து இரண்டு போனைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கண்ணாடி கீறி, பேட்டரி வீங்கி, பின்மூடி நிற்காமல் ரப்பர்பேண்டு போட்ட அந்தப் பழசை உனக்காக மட்டும் வைத்திருந்தேன்.

கொஞ்ச நாளாக உலகம் உன்னிடமிருந்து திரும்பி வரும்போது பெரிசாக ஒன்றும் கட்டியிருக்க மாட்டாய். நம் சுவர் ஓரம் ஒரு பூச்செடி மட்டும் புதிதாக இருக்கும். கல்யாணமானவள், மாமியார் வீடு, நேரம் கிடைக்காது, இருந்தும் எனக்காக ஒரு பூ நடுகிறாள் என்று நினைத்தேன்.

காய்ச்சல் என்றார்கள், மஞ்சள்காமாலை என்றார்கள், அதற்குள் முடிந்துவிட்டது. சாவுக்கு அம்மாவோடு வந்து ஓரமாக நின்றேன். அப்போது உலகம் உன்னிடம் இருந்தது. நான் அனுப்பி, நீ திருப்பி அனுப்பாத தடவை அது. என் போனில் நான் உனக்கு அனுப்பிய அதே பிரதி இருக்கிறது. திறந்து திறந்து பார்ப்பேனே தவிர ஒரு கல் வைக்கவில்லை. முறை உன்னுடையது. சட்டம் சட்டம்தானே?

போன வாரம் உன் சித்தப்பா பொண்ணு திவ்யா, கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடைக்குச் சுடிதார் எடுக்க வந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பொண்ணு.

"அமுதாக்கா, அக்கா பொறந்தநாளைக்கு நாங்கல்லாம் கேம்ல வெளக்கு வெக்கலாம்னு இருக்கோம். நீயும் வாக்கா. போனுல அப்டேட் பண்ணிக்கினு வா."

"அப்டேட்டா? சங்கீ பழசுலதான இருந்தா?"

"அதுவா?" என்றாள். "அது உனுக்குன்னு வெச்சினு இருந்ததுக்கா. எங்க உலகம் வேற. நான் காலேஜ் சேந்ததுலேந்து எல்லாரும் புதுசுலதான் வெளாடிக்கினு இருந்தோம். டெய்லி அக்காதான் மொத ஆளா வந்து நிக்கும்."

அவள் வஞ்சமாகச் சொல்லவில்லை. விலைச்சீட்டைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள். நான் பிரித்த துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே திரும்ப மடிக்கிறேன் என்று பக்கத்தில் நின்றவள் இடித்தபோதுதான் தெரிந்தது.

அப்பா சொல்லுவார், அவர் சின்ன வயசில் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர் இருந்ததாம். டீ என்னவோ ஒன்றுதான், அதில் ஒரு குறையும் கிடையாது என்று சிரிப்பார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நீ கொடுத்ததிலும் ஒரு குறையும் இல்லை, சங்கீ. பூ வேறு வைத்துக் கொடுத்தாய்.

வீட்டுக்கு வந்து புது போனில் புது வெர்ஷனை ஏற்றி, திவ்யா கொடுத்த வழியில் உங்கள் உலகத்துக்குள் போனேன். மேற்கே அதே மலை. அதே ஆறு. நம் உலகத்தைத்தான் பிரதி எடுத்துப் புதுசில் திறந்திருக்கிறாய். உன் வீடு மாடி மேல் மாடியாக எழும்பி நிற்கிறது. எதிரே திவ்யா வீடு, உன் பெரியப்பா பையன் வீடு, நடுவில் விளக்குக் கம்பம் வைத்த தெரு. நம் சுவரும் இருந்தது. அந்தப் பக்கம் என் சிவப்பு ஓடு தெரிந்ததும் ஓடினேன், சங்கீ. நிஜமாகவே மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்தால் உள்ளே மாடு. கட்டில் இல்லை, அடுப்பு இல்லை. ஜன்னலை அடைத்துவிட்டு, தரையெல்லாம் வைக்கோல்.

திவ்யாவுக்குப் போன் போட்டேன். "அது கொட்டாய்க்கா. மாடெல்லாம் வெளிய ஓடிக்கினே இருந்திச்சா, அந்த வூடு சும்மாதான கெடக்குதுன்னு அக்காதான் கட்டிச்சு," என்றாள். அப்புறம் என் குரலில் என்ன கேட்டதோ, அவசரமாகச் சொன்னாள், "ஆனா பெரியப்பா வூட்டு அண்ணன் அந்தச் செவுத்த இடிச்சிடலாம்னப்போ அக்கா வுடலக்கா. அது இருக்கட்டும்னு கெளப்புச்சு ஒரு சண்டை."

அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள் பாவம். சுவர் இல்லாவிட்டால் மாடு உன் வீட்டுக்குள் வந்துவிடாதா?

என்னை அவமானப்படுத்த நீ அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, உன் கை தானாக அங்கே போனது. அதுதான்டீ எனக்கு ஆறவே இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டு இரண்டு நாளில் மறந்திருப்பேன். புது போன் வாங்கினேன் என்று சொன்ன அன்றைக்கு, பேசாமல் இருந்தாயே, அந்த நேரத்தில் இந்த வீடுதான் உன் கண்ணுக்கு முன்னால் வந்ததா? நான் வந்து பார்த்துவிடுவேன் என்று பயந்தாயா? அப்படியென்றால் தப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டை அவிழ்த்துவிட்டு என்னை வா என்று கூப்பிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

திவ்யா இன்னொன்றும் கேட்டாள். நீ முதல் முதலில் கட்டிய சின்ன வீடு பழைய உலகத்தில்தான் இருக்கிறது, அதை அனுப்பு, நாங்கள் புதுசில் ஏற்றிக்கொள்கிறோம் என்று. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ரப்பர்பேண்டைக் கழற்றிப் பேட்டரியைப் பிடுங்கி எறிந்தால் முடிந்தது கதை. கை வரவில்லை. அந்தச் சுவரில் பாதி நான் வைத்த கல்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பழைய போனிலிருந்து உலகத்தைப் புது போனுக்கு மாற்றினேன். திறந்தால் இனிப் பழசில் திறக்காது, சம்மதமா என்று கேட்டது. முறை உன்னுடையதுதான், ஆனால் நீ வரப்போவதில்லை. சம்மதம் என்று அழுத்தினேன். நீ பயந்த மாதிரி ஒன்றும் உடையவில்லை. உன் வீடு, என் வீடு, சுவர் ஓரம் நீ நட்ட பூவெல்லாம் அப்படியே இருந்தது.

திவ்யாவைக் கூப்பிட்டேன். "ஃபைல அனுப்ப மாட்டேன். வெளக்கு வெக்கணும்னா எல்லாரும் இங்க வாங்க."

"இங்கன்னா, யாரு வூட்டுலக்கா?"

"எங்க வூட்டுல. உங்க அக்கா வூடு பக்கத்துலதான் கீது."

வரேங்க்கா என்றாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை, சங்கீ. தீர்ந்துவிடும் என்று பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். உன்னைத் தேடாமலும் இருக்க முடியவில்லை, அதுவும் உண்மை. ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். நான் ஏற்றிய உலகத்திலும் இப்போது மாடுகள் வெளியே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உன் வீடு சும்மாதான் கிடக்கிறது. எத்தனை மாடு ஓடினாலும் உன் வீடு சும்மாவே கிடக்கும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து வீட்டு அமுதா