நடுவில் வைத்த விரல்

அப்பா,

நேற்று உன் பேத்தியின் பள்ளியில் ரேங்க் கார்டு கொடுத்தார்கள். தமிழ் வாசிப்புக்கு 'மிக நன்று' என்று போட்டு, பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம் வேறு ஒட்டியிருந்தது. மற்ற அம்மாக்கள் வில்லியனூர் பஸ் ஏறுவதற்குள் அதைப் போட்டோ பிடித்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளுடைய இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து, ஒரு பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, "இங்கேர்ந்து படி" என்றேன். அவள் உதடுகள் சத்தமில்லாமல் பாடத்தின் முதல் வரியிலிருந்து அசைந்து வந்தன. என் விரல் இருந்த இடத்தை எட்டிய பிறகுதான் குரல் வந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஊரில் உன்னைச் சந்தேகப் பேர்வழி என்றுதான் சொல்வார்கள். திருபுவனை சோப்பு கம்பெனியில், லாரியில் ஏற்றும் முன் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவிப் பிரித்துப் பார்ப்பது உன் வேலை. "மேல இருக்கறத அவனவன் நல்லாத்தான் வெப்பான்" என்பாய். அந்தப் புத்தியை நம் ஊர் ஏம்பலம் வரைக்கும் பஸ்ஸில் கொண்டுவருவாய். கத்தரிக்காய் வாங்கினாலும் கூடைக்கு அடியில் கையை விடுவாய். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

மூன்றாவது படித்தபோது என்னையும் அப்படித்தான் உருவினாய். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தேன். நீ சட்டென்று குறுக்கே விரலை வைத்தாய்.

"இன்னாடி, வாய் மொணமொணங்குது? வெரலு இங்க இருக்குது, நீ எங்கேர்ந்து வர்ற?"

அழுதுவிட்டேன். எல்லாமே மனப்பாடம், எனக்கு எழுத்துக்கூட்டவே வராது என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தாய். "நல்லா படிக்கிற பொண்ணுங்க, எல்லாப் பாடமும் தலைகீழா சொல்லுது" என்றார் டீச்சர். "அதாங்க எனக்கு டவுட்டு" என்றாய். பிறகு நீ கேட்டதை அந்தப் பள்ளியில் வேறு எந்தத் தகப்பனும் கேட்டிருக்க மாட்டான். "பாஸ் போடாதீங்க டீச்சர். இன்னொரு வருசம் மூணாவதுலயே குந்தட்டும்."

என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். பெற்ற பெண்ணை ஃபெயிலாக்கச் சொன்ன ஆள் என்று உன்னைப் பல வருடம் மனசுக்குள் திட்டினேன். ஆனால் அந்த வருடம் முழுக்க, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் கழுவியதும் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நான் கொஞ்சம் இழுத்தாலும், "இங்க மழுப்புற, மறுபடி படி" என்றாய். ஒரு தரம்கூட நீ தப்பாகப் பிடித்ததில்லை. வருடக் கடைசியில் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் படித்தேன்.

நீ போய்க் காரியமெல்லாம் முடிந்த பிறகு, நீ தினமும் எங்களுக்குப் படித்துச் சொன்ன பழைய பேப்பர்களை அம்மாவும் நானும் கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா சொன்னாள்: "உங்கப்பாவுக்கு ஒரு எழுத்து தெரியாதுடி. டீக்கடைல எவனாவது படிக்கறத கேட்டுகினு வருவாரு. வூட்டுல பேப்பர விரிச்சி வெச்சிகினு அதையே சொல்லுவாரு. கையெழுத்துகூட வரைஞ்சி பழகுனதுதான்."

கட்டிய கயிற்றை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நீ என்னைக் கண்டுபிடித்தது சோப்பு கம்பெனிப் புத்தியால் இல்லை. படிக்கிற மாதிரி நான் காட்டியது உன்னுடைய வித்தை, அப்பா. மாட்டிக்கொள்வோமோ என்று ஆயுசு முழுக்கப் பயந்து பயந்து நீ செய்தது. ஊரையே நீ சந்தேகப்பட்டதுகூட, ஊர் உன்னைச் சந்தேகப்படுமோ என்றுதானோ? என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் இன்னும் வலிக்கிறது.

நேற்று நான் அவளிடம் சொல்லிவிட்டேன். "அம்மாவும் இப்டித்தாண்டி படிச்சேன். தாத்தாவும் இப்டித்தான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நாம ரெண்டு பேரும் எழுத்துக்கூட்டலாம்."

அவள் அழவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "சும்மா சொல்றியா?" என்றாள்.

உன் பேத்திதான், சொன்னதை உடனே நம்பவில்லை. உன் சந்தேகம் எங்கள் இருவரிடமும் பத்திரமாக இருக்கிறது, அப்பா. அதற்குள் நீ ஒளித்து வைத்திருந்த பயம் மட்டும் அவளிடம் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.