அண்ணாவின் திதி

ஜூலை 3, வெள்ளி

இந்த நாட்டில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; பயங்கரக் குளிர். நான் ஓட்டும் பஸ்ஸின் கண்ணாடியில் பனி உறைந்து, சுரண்டி எடுக்கவே பத்து நிமிடம். டண்டினொங் ஸ்டேஷனுக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினேன்.

வாங்க: வாழைக்காய், பூசணி, எள்ளு, நெய். செவ்வாய் சிவா அண்ணாவின் திவசம். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

நாளை தோழர் வருகிறார். எங்கள் வீட்டில் தோழர் என்றால் ஒரே ஆள்தான். அண்ணா போன இயக்கத்தின் தலைவர், இப்போது கொழும்பில் அமைச்சர். பாதிச் சனம் துரோகி என்கிறது. சொல்லட்டும். என் மனைவி வசந்தியின் தம்பியைச் சிறையிலிருந்து வெளியில் எடுத்தவர் அவர்தான். அண்ணா சண்டையில் செத்தபோது நேரே வீட்டுக்கு வந்து சொன்னவரும் அவர்தான். உடல் இல்லை. அம்மா கேட்டது திதி மட்டும். எங்கள் பஞ்சாங்கத்தையே வாங்கிப் புரட்டிச் சொன்னார்: ஆனி, அபரபக்கச் சப்தமி, தேய்பிறையின் ஏழாம் நாள். எந்தத் தலைவன் செய்வான் இதை?

ஜூலை 4, சனி

விழா மண்டபத்தில் ஹீட்டர் பழுது. வாசலில் பதாகையோடு கொஞ்சப் பேர். கொலைகாரன் என்று கத்தினார்கள். ஒருவனோடு கொளுவப் போனேன், வசந்தி ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தாள்.

தோழர் நன்றாகப் பேசினார். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, சிவாவின் தம்பி என்று தோளில் கை போட்டார். பிறகு அண்ணாவின் கதை.

"தகப்பன் செத்திட்டார் எண்டு செய்தி வந்தது. ஊருக்குப் போட்டு வா எண்டன். 'இல்லைத் தோழர், இங்க வேலை கிடக்கு' எண்டவன். ரெண்டு நாள் சாப்பிடேல்லை."

சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அப்பா செத்தது ஆவணியில். அண்ணாவின் செய்தி வந்து இரண்டு மாதம் கழித்து. அண்ணாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ததே அப்பாதான்.

வயது போன மனுசன், மாறிச் சொல்லியிருப்பார் என்கிறாள் வசந்தி. இருக்கலாம்.

ஜூலை 5, ஞாயிறு

மழை. தோழரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. காரில் நாங்கள் இருவர்தான். கேட்டேன். முதலில் ஞாபகமில்லை என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கட அம்மா முகாம் முகாமா வந்து, பிள்ளையைத் தா எண்டு நிண்டவா. அவவைப் பாத்து மற்றத் தாய்மாரும் வெளிக்கிட்டிட்டினம். நிப்பாட்ட வேண்டியிருந்தது, தம்பி."

அப்போ எப்போதுதான் செத்தார் என்று கேட்டேன். அடுத்த மாசி, இல்லாவிட்டால் பங்குனி என்றார். சண்டையில்தானாம்.

"திதி?"

"அதெல்லாம் ஆர் பாத்தது."

பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். உள்ளேவரை உருட்டிக்கொண்டும் போனேன், வெட்கம் கெட்டவன். பொய்க்குப் பஞ்சாங்கம் பார்த்தவன் அவன். இனி அவர் என்று எழுத மாட்டேன்.

வீட்டில் தன்னைச் செத்தவன் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணாவுக்குத் தெரிந்திருந்ததா? அதைக் கேட்காமல் விட்டேன். மடையன்.

ஜூலை 6, திங்கள்

பல்லுக் குத்து. பனடோல் இரண்டு.

விழாக் குழுச் செயலாளர் போன் எடுத்தார், மேடைப் படங்கள் நன்றாக வந்திருக்கின்றனவாம். நடந்ததைச் சொன்னேன். அவர்:

"இப்ப இதைக் கிளப்பாதேங்கோ அண்ணை. அந்தாளை விட்டா எங்கட சனத்துக்கு அங்க ஆர் இருக்கினம்?"

வைத்துவிட்டேன். கேரம் டவுன்ஸ் கோயில் ஐயருக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரவில்லை என்றேன். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாமாம். இத்தனை வருஷம் தெரிந்துதானே செய்தீர்கள் என்று கேட்டார். அம்மா சாகும்வரை அந்த ஒரு நாளைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தவள்.

ஜூலை 7, செவ்வாய்

லீவை ரத்துச் செய்து வேலைக்குப் போனேன். 

பின்னேரம் வந்தபோது வசந்தி கொழும்பிலுள்ள தம்பியோடு வீடியோவில். அவன் மகளுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டுகிறார்கள். என்னைக் கண்டதும் போனைத் திருப்பப் பார்த்தாள். அதற்குள் அவன் கண்டுவிட்டான். ஆள் உடம்பு வைத்திருக்கிறான். மடியில் பிள்ளை.

"அத்தான், தோழர் இப்பதான் வந்து வாழ்த்திப்போட்டுப் போறார். உங்களை நல்லா விசாரிச்சவர்."

ஓம், சந்தோசம் என்றேன்.