கடலுக்குள் கண் திறக்கச் சொன்னவளுக்கு

ஜன்னலில் வெளிச்சம் தெரியக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் கைக்குக் கிடைத்த பழைய பச்சைப் பாவாடையை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். சிம்னி விளக்கின் சூடு பட்டதும் துணியிலிருந்து கடல் வாசனை வந்தது. தொட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் இன்னும் உப்பு, மொரமொரவென்று. ஊர் திரும்பிய பிறகு அதைத் துவைக்கவேயில்லை போலிருக்கிறது. அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது.

உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கமாட்டாய் என்று தெரியும். ஆனால் வேறு யாரிடம் பேசுவது? வகுப்பில் நம் பெஞ்சில் இப்போது நான் மட்டும்தான் உட்காருகிறேன். உன் இடத்துக்கு யாரும் வருவதில்லை, நானும் யாரையும் கூப்பிடுவதில்லை.

இன்று உன் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். நான் பார்க்கவில்லை. அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்விதான் மதில் மேல் தலையை நீட்டிச் சொன்னாள்.

"அடியே, அவ அம்மா வந்துகிறாங்கடி. பெட்டிய எடுத்துகினு போறதுக்கு. ஆஸ்டல் வாசல்லயே குந்திகினு, கடலுக்குக் கூடப் போன புள்ள எது, கூடப் போன புள்ள எதுன்னு வர்றவ போறவள எல்லாம் கேக்குறாங்க."

"எதுக்காம்?"

"காய்ச்சல்ல கெடந்தப்ப அவ ஒண்ணையே சொல்லிகினு இருந்தாளாம். கண்ணத் தொற, ஒண்ணும் ஆவாது, கண்ணத் தொறன்னு. யாரச் சொன்னா, எதுக்குச் சொன்னான்னு தெரியாம அந்த அம்மாவுக்குச் சோறே எறங்கலியாம். சாமி குத்தம்னு ஒருத்தர் சொல்றாராம், பயந்துட்டான்னு ஒருத்தர் சொல்றாராம். நாளைக்கு மொத ஜீப்புல ஏறிடுவாங்க. நீ போய்ச் சொல்லுடி, உனக்குத்தான தெரியும்."

எனக்குத்தான் தெரியும். எனக்கு இன்னொன்றும் தெரியும், அது செல்விக்குத் தெரியாது. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உன்னை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பை மறித்த புளியமரத்தை வெட்டிப் போட்டவர்களில் என் அண்ணனும் ஒருவன். அதனால்தான் அப்பா இன்று என்னை வீட்டிலேயே வைத்திருக்கிறார். "ஆஸ்டல் பக்கம் காலெடுத்து வச்சே, கால ஒடிச்சிப்புடுவேன்" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் குரல்தான் நடுங்கியது.

பள்ளியிலிருந்து கடலோரத்து மண்டபம் ஊருக்குச் சுற்றுலா போன அந்த நாளை இதோடு சேர்த்து நினைக்க முடியவில்லை. அது வேறு யாருடைய வாழ்க்கையிலோ நடந்தது போல் இருக்கிறது.

விலங்கியல் டீச்சர் பிடிவாதம் பிடித்து நம்மைக் கூட்டிப் போனார். கோவில் பார்த்தாயிற்று, பாலம் பார்த்தாயிற்று, அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, "பவளப்பாறைய புஸ்தகத்துல படம் போட்டுப் படிச்சது போதும், தீவுக்குப் போறோம்" என்றார். விடியும்போதே வல்லம் என்கிற படகு ஒன்றில் ஏறினோம். நம்மில் யாரும் அந்தப் பயணத்துக்கு முன் கடலைப் பார்த்ததில்லை. ஏறின உடனே நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன், கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. நீ படகின் முன்முனையில், அணியத்தில் போய் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாய்.

"மலைக்காரப் புள்ள எறங்கி ஓடிறப்போவுது, காலை உள்ள வையுத்தா" என்று படகுக்காரர் கத்தினார்.

"ஓடுனா புடிங்க" என்றாய் நீ.

முதல் தீவில் வெறும் மணலும் முட்புதரும்தான் இருந்தன. ஆளே இல்லாத இடத்தில் நம் காலடிகள் மட்டும் விழுந்துகொண்டு வந்ததைத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். இரண்டாவது தீவை ஒட்டிப் படகு நங்கூரம் போட்டது. ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கூட்டிப் போகிற படகு அது. அதனால் முகத்தில் மாட்டுகிற கண்ணாடியும் மூச்சு விடுகிற குழாயும் படகுக்காரரிடம் இரண்டிரண்டு இருந்தன. இருவர் இருவராக இறங்க வேண்டும். மார்பளவு தண்ணீர்தான். டீச்சர் படகிலிருந்தே விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

நீ வெள்ளிமலையில் ஓடை மடுவில் நீந்திப் பழகியவள். ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டியதும் தவளை போல் போய்விட்டாய். நான் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, முகத்தைத் தண்ணீரில் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, கண்ணை மூடிக்கிட்டுக் கடலு பாக்க வந்த புள்ளைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று படகுக்காரர் சிரித்தார். மற்ற பெண்களும் மேலிருந்து சத்தம் போட்டார்கள். "எழுந்து வாடி, நீ தூங்கறதுக்கா எடம் புடிச்ச?"

நீ திரும்பி வந்தாய். குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் காதோடு சொன்னாய். "கண்ணத் தொற புள்ள. ஒண்ணும் ஆவாது. நான் கையப் புடிச்சிகினு இருக்கறேன். கண்ணத் தொற."

திறந்தேன்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. முதலில் சத்தம்தான் வந்தது. கடுகு பொரிவது போல் கடல் முழுக்கப் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. அதோடு குழாய்க்குள் என் மூச்சு, பெரிதாக, யாரோ பக்கத்தில் படுத்திருப்பது போல. அப்புறம் வெளிச்சம் கோடு கோடாக இறங்குவது தெரிந்தது. மூளை போல் சுருண்ட பாறை, மான் கொம்பு போல் கிளைத்த பாறை, அவற்றின் நடுவே மஞ்சளும் கறுப்புமாக மீன்கள். பச்சை மீன் ஒன்று வாயால் பாறையைக் கடித்துத் தின்றது. அது கடிப்பது எனக்குக் கேட்டது. நீ என் கையை அழுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினாய். நான் தலையாட்டினேன். அங்கே பேச்சே தேவைப்படவில்லை. என் வாழ்நாளில் நான் பயப்படாமல் இருந்த நேரம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது தீவில் சாப்பாடு. நம்மோடு வந்த சமையல்கார அக்கா எலவனாசூர்கோட்டைக்காரர், வயலும் மாடும் தவிர வேறெதுவும் பார்த்திராதவர். குடிதண்ணீர் டிரம் படகிலேயே இருந்தது. அதைத் தூக்கி வர ஆள் தேடிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "இம்மாந் தண்ணி எதுர்ல கெடக்குது, உப்பும் அதுலயே இருக்குது, தனியா எதுக்கு உப்பு போடணும்?" என்று கடல் தண்ணீரையே அண்டாவில் மொண்டு அரிசியைக் கொட்டிவிட்டார். டீச்சர் சங்கு பொறுக்கப் போயிருந்தார். நமக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. நீகூட, "அக்கா, உப்பு மிச்சம்" என்று கைதட்டினாய்.

முதல் வாய் வைத்ததும் எல்லோரும் மணலில் துப்பினோம். சோறா அது? கசப்பு நாக்கைவிட்டுப் போகவேயில்லை. படகுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கடலு தண்ணியில ஒல வச்ச மகராசி!" சமையல்கார அக்கா விடவில்லை. "எங்க ஊரு தண்ணியில வச்சிப் பாரு, தெரியும்! உங்க ஊரு தண்ணி சரியில்ல" என்று அவரையே திட்டினார்.

கடைசியில் படகுக்காரர்தான் சுள்ளி பொறுக்கி மீன் சுட்டுக் கொடுத்தார். அதே தணலில் நீ, உன் அம்மா மூட்டை கட்டிக் கொடுத்த பலாக்கொட்டைகளைப் போட்டாய். கொட்டை வெடித்துத் தெறிக்கத் தெறிக்கப் பெண்கள் கூச்சலிட்டு ஓடினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு பசித்ததும் இல்லை, அவ்வளவு ருசித்ததும் இல்லை.

சாப்பிட்டபின் நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னடி என்றேன்.

"எங்கம்மா சந்தைக்கு வந்தா கள்ளக்குறிச்சி, அத்தத் தாண்டி ஒண்ணும் பாத்ததில்ல. அதுங்கிட்ட இத்த எப்டிச் சொல்றது? தண்ணிக்குள்ள ஒரு காடு இருக்குதுன்னு சொன்னா, பொய்யி சொல்றேன்னு அடிக்க வரும்."

"சொல்லித்தான் பாரேன்."

"சொல்லணும். ஒண்ணு வுடாம சொல்லணும். ஒரு நாளு பத்தாது."

நீ சொல்லவில்லை. ஊர் வந்த மறுநாளே விடுமுறைக்கு மலை பஸ் ஏறினாய். பஸ்ஸிலேயே காய்ச்சல் என்றார்கள். வீடு போய்ச் சேர்ந்தபோது நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டிருந்தாயாம். கஷாயம் கொடுத்துப் பார்த்து, மந்திரித்துப் பார்த்து, ஒன்றும் ஆகாமல் ஜீப் பிடித்தபோதுதான், படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனிப் பங்கு கேட்டு மறியல் தொடங்கியது. எல்லாச் சாலையிலும் மரம்.

அன்று சாயங்காலம் அண்ணன் தலையெல்லாம் மரத்தூளோடு வந்தான். அவன் பி.ஏ. முடித்து எத்தனையோ பரீட்சை எழுதிப் பார்த்துவிட்டு, சின்னசேலம் மண்டியில் மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறான். வெகுநாள் கழித்து அவன் முகத்தில் ஒரு தெம்பு. "இந்த வாட்டி வுடமாட்டோம் பாப்பா. நமக்குன்னு பங்கு வரணும். வந்தா நீயும் காலேஜி போவ. உனக்காகவுந்தான் போனேன்" என்றான். அப்பா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, வண்டி ஏதும் வரவில்லையா என்று கேட்டார். "ஒரே ஒரு மலை ஜீப்பு வந்துச்சு. சீக்காளின்னாங்க. எல்லாரும் அப்டித்தான் சொல்றான்னு திருப்பி வுட்டுட்டோம்."

அடுத்த நாள் நீ போய்விட்ட செய்தி வந்தது. அண்ணன் என்னிடம்தான் கேட்டான். "அந்தப் புள்ளயா? பொங்கலுக்கு வந்துச்சே, அதுவா?"

அதேதான். பொங்கலுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் உன்னைச் சீண்டினான். "உனக்கெல்லாம் இன்னா, மலைக்காரங்க கோட்டாவுல சீட்டு ரெடியா இருக்கும்." நீ சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாய். "வேணும்னா நீங்களும் வந்து எங்க மலையில பொறந்துக்கங்கண்ணா. பஸ்ஸு ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டிதான் வரும், பரவாயில்லியா?" அவனுக்குச் சிரிப்பில் புரை ஏறி, நீயே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய்.

செய்தி வந்து, அந்தப் புள்ளயா என்று கேட்ட நாளிலிருந்து அவன் வீட்டில் படுப்பதில்லை. போலீஸ் ஊர் ஊராகப் பையன்களைப் பிடிக்கிறது. கரும்புக் காட்டில் இருக்கிறான். இருட்டியபின் பின்வாசலுக்கு வந்து தட்டுவான். நான் சோறு போடுவேன்.

இதுவரை எழுதும்போது அவன் தட்டினான். எழுந்து போய்விட்டு இப்போது வந்து எழுதுகிறேன்.

தட்டை வாங்கியவன் என் முகத்தைப் பார்த்தான். "இன்னா, தூங்கலியா?"

"அவ அம்மா வந்துகிறாங்கண்ணா. விடிஞ்சா போயிடுவாங்க. நான் ஆஸ்டலுக்குப் போவப்போறேன்."

அவன் கை நின்றது. "இன்னா சொல்லப்போற?"

"கடலப் பத்தி. அவ சொல்லணும்னு இருந்தா."

"அவ்ளோதானா?"

"அவங்க எங்கிட்ட ரோட்டப் பத்திக் கேட்டா நான் தெரியாதுன்னு சொல்லமாட்டேண்ணா. கடல மட்டும் சொல்லிட்டு மிச்சத்த முழுங்கிகினு அவங்க மூஞ்சியப் பாக்க என்னால முடியாது."

"போலீசு என்ன இட்டுகினு போயிடும் பாப்பா. அப்பா தாங்காது."

"தெரியும்."

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. அப்புறம், "அந்தம்மா தனியாவா வந்துகிறாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கை கழுவினான். தினமும் போகும்போது, "தாப்பா போட்டுக்க, யாரு தட்டுனாலும் தொறக்காத" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போவான். இன்று ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.

அது இன்னும் திறந்தேதான் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் மாட்டுக்கொட்டகை தெரிகிறது, அதற்கு அப்பால் இருட்டு. ஆஸ்டல் வரைக்கும் நான் ஒருநாளும் தனியாகப் போனதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மான் கொம்புப் பாறையில் தொடங்குவேன். ஒன்று விடாமல் சொல்வேன். நீ யாரைக் கண் திறக்கச் சொன்னாய் என்று சொல்வேன். அது சாமியும் இல்லை, பயமும் இல்லை, நான்தான் என்று. அதன் பிறகு சாலையைப் பற்றி உன் அம்மா கேட்டால் சொல்வேன்.

கேட்காவிட்டாலும் சொல்வேன்.