உன் அளவு ஜாக்கெட்டும் என் மஞ்சள் துணியும்

எங்கே இருந்தாலும் யாருடைய முந்தானையையாவது தொட்டு, இது அசல் காட்டனா என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் அமுதா அக்காவுக்கு,

பங்குனி வந்துவிட்டது. ஸ்வெட்டர்களைத் துவைத்துப் பெட்டியில் போட்டாயிற்று. உத்தனப்பள்ளி வீட்டுக்குப் பின்னால் மாமரம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. பக்கத்துத் தெலுங்குக்கார வீடுகளில் யுகாதிக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். எப்போதும் யுகாதிக்கு முந்தின வாரத்தில்தான் நாமும் துணி எடுக்கப் போவோம். கல்யாணமாகிக் கெலவரப்பள்ளிக்குப் போன பிறகும் அந்த ஒரு நாளை மட்டும் நீ விட்டதில்லை. அணைப்பக்கத்திலிருந்து நீ வருவாய், ஷிப்ட் முடிந்து ஃபாக்டரியிலிருந்து நான் வருவேன், ஓசூரில் பாய் கடை வாசலில் சந்திப்போம். திரும்பி வரும் பஸ்ஸில் நான் படித்த நாவலின் கதையைக் கேட்பாய். பாதி சொல்வதற்குள், “அதெல்லாம் இருக்கட்டும்டி, கடைசியில அவ என்ன ஆனா?” என்பாய். உனக்கு எப்போதும் அவசரம்.

இந்த வருஷம் தனியாகப் போனேன். பாய் ஒருத்தியிடம் கன்னடத்திலும் இன்னொருத்தியிடம் தெலுங்கிலும் பேசிக்கொண்டே என்னிடம், “வாம்மா” என்றார். பழக்கத்தில் உனக்குப் பிடித்த மெரூன் கட்டை எடுக்கக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“வெளிர் கலர் காட்டுங்க பாய்.”

நீ செய்வதையெல்லாம் செய்தேன். துணியைக் கைக்குள் கசக்கி விட்டுப் பார்த்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். கட்டைவிரலை நனைத்துத் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. கடைசியில் எடுத்தது மட்டும் உன் சொல்படி இல்லை. ‘அழுக்கு தெரியாத கலரா எடுடி, துவைக்கப் போறது நாமதானே’ என்று கத்தியிருப்பாய். வெள்ளைப் புள்ளி போட்ட மஞ்சள், அக்கா. மெல்லிய காட்டன்.

பாய் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “மஞ்சளா? வருஷம் திரும்பலையேம்மா. வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“சொல்வாங்க பாய். வெட்டுங்க.”

போன ஆடியில் பிரசவத்தில் நீயும் பிறந்த குழந்தையும் போனீர்கள். வருஷம் முடியும்வரை நம் வீட்டில் பண்டிகை இல்லை, புதுத்துணி கூடாது. அதைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால், வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும் என்று அதே வாய்கள்தான் சொல்லின. நல்ல காரியம் என்றால் என்ன தெரியுமா? உன் வீட்டுக்காரருக்கு, மாமாவுக்கு, என்னைக் கட்டிவைப்பது. எனக்குப் பண்டிகைத் துணி கூடாதாம், கல்யாணத் துணி மட்டும் கூடுமாம். இது எந்த ஊர் நியாயம்?

யுகாதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் மாமாவையும் உன் மகள் வாணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையிலிருந்து உன் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்தார். கூடவே ஒரு புது ஜாக்கெட். ஓசூர் டெய்லர் தைத்தது.

“போட்டுப் பாரு கண்ணு.”

“என்னை யாரும் அளவே எடுக்கலையே அத்தை.”

“உங்க அக்கா அளவு ஜாக்கெட் பீரோவுலதானே கெடக்குது. அதைத்தான் குடுத்தேன். அக்கா தங்கச்சி, பெருசா என்னா மாறிடப் போவுது?”

அம்மா என்னை உள்ளே இழுத்துப் போய் மாட்டிவிட்டாள். நீ அகலத் தோள்காரி. எனக்குத் தோள் இரண்டும் சரிந்து கை முழங்கை வரை இறங்கியது. வெளியே வந்து நின்றேன். வாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன்னைப்போலவேதான் சிரிக்கிறாள்.

அத்தை சிரிக்கவில்லை. “ரெண்டு பக்கமும் ஒரு தையல் புடிச்சா செரியாப் போயிடும்.”

“தையல் பிடிக்க வேண்டாம் அத்தை. நான் போட்டுக்க மாட்டேன்.”

“எந்தப் பொண்ணுடி தையல் புடிக்காம ஜாக்கெட் போடுது? ஃபாக்டரிக்குப் போயி, புஸ்தகம் படிச்சு, நல்லாத்தான் பேசக் கத்துக்கிட்ட!”

நான் மாமாவைப் பார்த்துக் கேட்டேன். “மாமா, நீங்க சொல்லித்தான் இதைத் தைச்சாங்களா?”

மாமா ஜாக்கெட்டைப் பார்க்கவே இல்லை. பைக்குள் கிடந்த உன் பழைய அளவு ஜாக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான், அக்குளில் சாயம் வெளுத்த அந்த மெரூன். “அவ துணி எதையும் தொட வேணாம்னு சொல்லியிருந்தேனே, அம்மா” என்றார். அதை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்போ இந்தப் புள்ளைய யாருடா பாக்கறது?” என்றார் அத்தை. அக்கா, அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வி அதுதான். அவர் குரலும் அப்போதுதான் உடைந்தது.

“நானும் பாக்கறேன் அத்தை. லீவு நாளெல்லாம் அவ இங்கதான். அவளுக்கு நான் சித்தி. அதுக்கு நான் எதுக்கு மாமாவுக்குப் பொண்டாட்டியாகணும்?”

அத்தை பட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். இன்னும் பேசவில்லை. அம்மாவும் என்னிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தட்டைச் சத்தமாக நகர்த்துவாள், அவ்வளவுதான். நான் செய்தது சரிதானா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பல நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன். உன் குரலில் எனக்கு வேண்டிய பதிலை நானே சொல்லிக்கொள்ள விருப்பமில்லை.

மஞ்சள் துணியை நனைத்துக் காயவைத்தேன். நனைக்காமல் வெட்டித் தைத்தது முதல் துவைப்பில் சுருங்கி, ஒரு யுகாதிக்கு நாம் இருவரும் மூச்சு விட முடியாமல் நின்றோமே, நினைவிருக்கிறதா? பட்டப்பகலில் வாசலில் விரித்துச் சுடிதாருக்கு வெட்டினேன். ஒளித்துத் தைக்க என்ன இருக்கிறது? மார்பைச் சுற்றி, தோளிலிருந்து கைவரை, டேப்பை நானே பிடித்துக்கொண்டேன். தனியாக முதுகை அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது. அது உன் வேலையாக இருந்தது.

யுகாதியன்று அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு கௌரம்மா படலைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, எழவு விழுந்த வீட்டுல மஞ்சளா? அதுவும் சுடிதாரா?” என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். “அவ சம்பாரிச்சா, அவ தைச்சா, அவ போட்டுக்கறா. உன் மவன் குட்டை டவுசரு போட்டுக்கிட்டுத் திரியறானே, நான் எதாவது கேட்டேனா?” பிறகு என் முதுகுப் பக்கம் வந்து தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். என்னிடம் அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். மிச்சத் துணியில் லீவுக்கு வந்த வாணிக்கு ஒரு கவுன் தைக்கலாம் என்று ஆசையாக அவள்மேல் வைத்துப் பார்த்தேன். உன் மகள் தட்டிவிட்டாள். “எனக்கு இது வேணாம், போ.” எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு என்ன வேண்டும் என்று நானும்தான் கேட்கவில்லையே? மறுநாளே பாய் கடைக்குத் தூக்கிப் போனேன். கட்டுக்கட்டாகத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். எதை எடுத்தாள் என்று நீயே சொல். பாய் மெரூனை வெட்டிக் கொடுத்தார்.

கடைசியில் அவள் என்ன ஆனாள் என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. கடைசி இன்னும் வரவில்லை, அக்கா. இப்போதைக்கு அவள் மஞ்சள் சுடிதாரில் காலை ஷிப்ட் பஸ்ஸில் நிற்கிறாள். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உனக்கு ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பங்குனியிலும் வாணியை அந்தக் கடைக்குக் கூட்டிப் போவேன். துணியை அவளே எடுப்பாள். டேப்பை அவள் தோளில் வைத்துத்தான் அளவெடுப்பேன். உன் துணியை வைத்தோ என் துணியை வைத்தோ அவளுக்கு ஒருநாளும் வெட்ட மாட்டேன். யாரையும் வெட்ட விடவும் மாட்டேன்.

உன் தங்கையாக மட்டுமே இருக்கப்போகிற,
செண்பகம்