அப்பா பேர் போட்ட டியூப்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, போனில் சொன்னால் கத்துவாய் என்றுதான் எழுதுகிறேன், இரண்டு மாசத்துக்கு முன்னால், மாத்திரை அப்பா உடம்பில் வேலை செய்யுமா என்று பார்க்க நீ சொன்ன ஜீன் டெஸ்டுக்கு, அப்பாவின் எச்சில் என்று டியூபில் அனுப்பினோமே, அது என் எச்சில். அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக்கூடாது என்றாய், இந்த மனுஷன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எதையாவது மென்றுகொண்டே இருந்தார், கூரியர்க்காரர் வாசலில் நின்று மணியடிக்கிறார், ஒரே வீடு ஒரே சாப்பாடு, எச்சில் மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது என்று நானே துப்பி மூடிவிட்டேன்.

அப்புறம் நீ போன் பண்ணி, அப்பா சாப்பிடுகிற இதய மாத்திரையைத் தட்டி எழுப்பி வேலை வாங்க ஈரலில் ஒரு ஆள் வேண்டும், அப்பாவுக்கு அந்த ஆள் படு மந்தம் என்றாய். பேரை மறைத்து அந்த ரிப்போர்ட்டை நான் பாடம் நடத்துகிற பார்மசி பிள்ளைகளுக்குக் காட்டினேன், அறுபது பேரும் மாத்திரையை மாற்றணும் என்று சரியாக எழுதினார்கள் என்று பூரித்துப்போனாய். டாக்டரும் அதைப் பார்த்து வேறு மாத்திரை கொடுத்துவிட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அறுபது பேரும் எனக்கல்லவா மருந்து எழுதியிருக்கிறார்கள், நான் அந்த மாத்திரையை வாயில் வைத்ததே இல்லையே, அப்போது அவர்கள் எழுதியது சரியா தப்பா, மார்க் உண்டா இல்லையா? முப்பது வருஷமாக உங்க அப்பாவைச் சோம்பேறி என்று திட்டினேன், கடைசியில் பார்த்தால் சோம்பேறி என் ஈரல்.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் பயம் இருக்கிறது. புது மாத்திரை ரத்தத்தை உறையவிடாமல் பழையதைவிட வேகமாக வேலை செய்யுமாம், போன வாரத்திலிருந்து பல் தேய்க்கும்போது அப்பாவுக்கு ஈறில் ரத்தம் வருகிறது. பார்த்ததும் நேரே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், இந்தத் தடவை அவர் எச்சிலையே அனுப்புங்கள், ரத்தம் அதிகமானால் உடனே வாருங்கள் என்றார். அப்பாவிடம் சொன்னால், நீ நாலாம் வகுப்பு தாண்டவில்லை, உன் எச்சில் பல்கலைக்கழகம் வரைக்கும் போய்விட்டதே என்று கேலி.

நீ மிச்சமாக அனுப்பியிருந்த டியூபை இன்று காலையில் அவர் கையில் கொடுத்து, சமையலறையைப் பூட்டி, எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போதுதான் கோடு வரைக்கும் வந்திருக்கிறது. கோபப்படாதே தங்கம். உன் பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் சொல்லித்தருவதற்கு முன்னால், துப்பினது யார் என்று கேட்கச் சொல்லிக்கொடு. நீயும் உன் வகுப்பும் நல்லா வரணும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கில்லை, டாக்டருக்கு முதலில் போன் பண்ணு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் எச்சில்காரி அம்மா

கீழே மை கலைந்திருப்பது கண்ணீர் இல்லை. தானும் கையெழுத்துப் போடணும் என்று அப்பா பேனாவை வாங்கினார், டியூப் சாய்ந்துவிட்டது. கூரியரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்பா முதலிலிருந்து துப்பிக்கொண்டிருக்கிறார்.